முதல் எட்டு எழுத்து

கதவுக்காரர் ஆளை நம்பிக் கெட்டவர் இல்லை. நம்பினால்தானே கெடுவதற்கு? முப்பத்துநாலு வருடம் பெட்டக அறைக் கதவுகளைப் பழுது பார்த்தவர் அவர். வங்கியோ நகைக்கடையோ, எங்கே கனத்த இரும்புக் கதவு மக்கர் செய்தாலும் கம்பெனி அவரைத்தான் அனுப்பும். ஒரு கதவுக்கு இரண்டு சாவி, இரண்டு ஆள். ஒருத்தன் சாவியை வைத்துக்கொண்டு தனியாக எதுவும் கிழிக்க முடியாது. அந்த ஏற்பாட்டில் அவருக்குப் பிடித்ததே இதுதான்: மேனேஜர் யோக்கியனா, காசாளர் யோக்கியனா என்று யாரும் யோசிக்கத் தேவையில்லை. இரண்டு பேருமே திருடன் என்று வைத்துக்கொண்டுதான் கதவைச் செய்திருக்கிறார்கள்.

வீட்டையும் அதே கணக்கில்தான் நடத்தினார். மனைவி கடைக்குப் போய் வந்தால் சில்லறையை எண்ணி வாங்குவார். மகன் ஒரு கையெழுத்துக் கேட்டால் தாளை மூன்று தடவை படித்துவிட்டு, பின்பக்கம் ஏதாவது அச்சடித்திருக்கிறதா என்று திருப்பியும் பார்ப்பார்.

"கல்யாணத்தன்னைக்கே என்னை ஏற இறங்கப் பார்த்தாரு" என்று மனைவி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். "ஆசையிலதான் பார்க்கறாருன்னு நெனச்சேன். சோதனை போட்டிருக்காரு மனுஷன்."

இப்படிப்பட்ட ஆள், ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பத்தொன்பது லட்சத்தை ஒரு நிதி நிறுவனத்தில் கொண்டுபோய்ப் போட்டார். வட்டி அங்கே குறைவுதான். ஆனால் அந்தக் கிளையின் பெட்டகக் கதவு அவர் கையால் பொருத்தியது. ஐந்து நாள் அங்கேயே தரையில் படுத்து எழுந்து பொருத்தினார். அந்தக் கதவை உடைக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அதுபோதும் என்று நினைத்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்த நிறுவனம் பணம் வாங்கும் சன்னல்களையெல்லாம் பலகை வைத்து அடைத்தது. பலகைமேல் சிரிக்கிற குடும்பம் ஒன்றின் படம் ஒட்டினார்கள். இனிமேல் போடுவது, எடுப்பது எல்லாம் வெப்சைட்டில். விசாரிக்க வருகிறவர்களுக்கு ஒரே ஒரு மேசை, ஒரே ஒரு அதிகாரி அம்மாள். அந்த மேசையில்தான் அவருக்கு ஒரு தாளைக் கொடுத்தார்கள். வெப்சைட்டைத் திறக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று ஆறு வரி.

தாளை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனிடம் போனார். அவன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"பெரியவரே, இது என்ன கூத்து? இந்த பிரவுசரைச் செஞ்ச கம்பெனியே இதைக் கைகழுவி வருஷக்கணக்காச்சு."

"அவங்க சைட் அதுலதான் தொறக்குமாம்."

"புது மெஷின்ல இது ஏறவே ஏறாது. பழைய டப்பா ஒண்ணு கெடக்கு, அதுல போட்டுத் தரேன். ஆனா மீதியைப் படிச்சீங்களா? அப்டேட்டை நிறுத்தணுமாம். ஆன்டி வைரஸைத் தூக்கணுமாம். ஆபத்துன்னு செவப்பா எழுத்து வந்தா, பரவாயில்லைன்னு அமுக்கிட்டுப் போகணுமாம். வாசக் கதவைத் தொறந்து போட்டுட்டு, காவல் நாயையும் தொரத்தி விட்டுடுன்னு சொல்றான்."

"உன்னை யோசனை கேட்டேனா? பணத்தை வெச்சிருக்கறவன் எழுதிக் குடுத்திருக்கான். அதுல உள்ளபடி செய்."

கதவோடு வருகிற செய்முறைத் தாளை மீறின மெக்கானிக் எவனும் பத்து விரலோடு ஓய்வு பெற்றதை அவர் பார்த்ததில்லை. தாளில் இருந்தால் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஆறு வரியையும் ஒன்று விடாமல் செய்ய வைத்தார். அந்தப் பழைய டப்பாவை வீட்டு மேசையில் வைத்து, தாளை அதற்கு மேலே சுவரில் ஒட்டினார். வேறு எதற்கும் யாரும் அதைத் தொடக்கூடாது என்று உத்தரவும் போட்டார். மற்ற இடங்களில் பணம் எடுத்தால் போனுக்கு ஒரு எண் வருமாமே, இங்கே வராதா என்று மகன் கேட்டான். அதற்கும் அந்தத் தாளின் அடியில் பதில் இருந்தது: விரைவில். மூன்று வருடமாக அது விரைவில்தான்.

பாஸ்வேர்டு வைக்கிற அன்றைக்கு மனைவியைச் சமையலறைக்கும் மகனைக் கடைக்கும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். முப்பத்தாறு எண்கள். எங்கும் எழுதி வைக்கவில்லை. அவர் தொழிலில் எந்தப் பதிவு எழுதினாலும் முதலில் தேதி, அதற்குப் பிறகுதான் கதவின் எண். அந்தப் பழக்கம் விரலோடு ஊறிப்போயிருந்தது. அதனால் முதலில் தான் வேலையில் சேர்ந்த தேதியைப் போட்டார். நாளுக்கு இரண்டு எண், மாதத்துக்கு இரண்டு, வருடத்துக்கு நாலு. பிறகு தன் கையால் பொருத்திய நாலு கதவுகளின் எண்கள், ஒவ்வொன்றும் ஏழு இலக்கம். திரையில் புள்ளி புள்ளியாக ஓடியது. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று வந்தது. உலகத்தில் எவனாலும் இதைத் திறக்க முடியாது என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பணம் போனது அவருக்கு அது தேவைப்பட்ட வாரத்தில்தான் தெரிந்தது.

இருபத்தாறு வருடமாக வாடகைக்கு இருந்த வீடு அது, டயர் கடைக்கு மேலே. வீட்டுக்காரர் விற்கப்போவதாகச் சொன்னார். பதினாறு லட்சம். மாதக் கடைசிக்குள் கொடுத்தால் உங்களுக்கு, இல்லாவிட்டால் கீழே இருக்கிற டயர் கடைக்காரருக்கு, அவர் குடோனுக்குக் கேட்கிறார் என்றார். கதவுக்காரர் பேரம்கூடப் பேசவில்லை. மேசையில் உட்கார்ந்து முப்பத்தாறு எண்களையும் அடித்தார். திரையில் இருப்பு என்ற இடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு என்று இருந்தது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் அதுதான். இருபது நாளைக்கு முன்னால் பணம் மொத்தமும் முன்பின் தெரியாத யாருடைய கணக்குக்கோ போயிருந்தது.

அதிகாரி அம்மாளின் மேசைக்கு முன்னால் அவர் நின்றுகொண்டே பேசினார். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை.

"சார், உள்ள வந்தவங்க பாஸ்வேர்டை முதல் தடவையே சரியா போட்டிருக்காங்க. ஒரு தப்புகூட இல்ல. அப்படின்னா தெரிஞ்சவங்கதான்."

"எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

"அப்ப நீங்க எடுத்திருக்கணும்."

"ஏம்மா, நான் எடுத்துட்டு உங்கிட்டயே வந்து நிப்பேனா?"

"நிக்கறவங்களும் இருக்காங்க சார்" என்றாள். திமிராகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னாள். "இன்னொண்ணு. நீங்க வெச்சிருக்கறது ரொம்பப் பழைய மெஷின். அப்டேட் இல்ல, பாதுகாப்பு எதுவும் இல்ல. அப்படி வெச்சிருந்தா நாங்க பொறுப்பேத்துக்க முடியாது. விதியிலயே இருக்கு."

அவர் சட்டைப் பையிலிருந்து அந்த ஆறு வரித் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். வீட்டுச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டே வந்திருந்தார்.

"இது யாரு குடுத்தது?"

அவள் பார்த்தாள். "நாங்கதான்."

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"சைட்டைத் தொறக்கறதுக்கு வழி எழுதியிருக்கு சார். பாதுகாப்பு உங்க பொறுப்பு."

"பாதுகாப்பை எடுத்தாத்தான் தொறக்கும்னு நீங்க சொல்றீங்க. எடுத்தா என் பொறுப்புன்னும் நீங்களே சொல்றீங்க."

"நான் சொல்லலை சார். விதி சொல்லுது."

போலீசில் எழுதிக் கொடுத்தார். ரசீது கொடுத்தார்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கு அன்றைக்கே காலியாகிவிட்டதாம், அதன் சொந்தக்காரன் செத்து நாலு வருடமாம்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே வார்த்தைதான் காதுக்குள் ஓடியது. தெரிஞ்சவங்க. ஒரு பெட்டகம் உடையாமல் திறந்து கிடந்தால் முதல் கேள்வி, சாவி யாரிடம் இருந்தது என்பதுதான். முப்பத்துநாலு வருடம் அவரே போய் நின்று கேட்ட கேள்வி அது.

மகன் ஒரு பார்சல் கம்பெனியில் வேன் ஓட்டுகிறான். வயது முப்பத்தொன்று. போன வருடம் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்க மூன்று லட்சம் கேட்டான். இவர் இல்லை என்றார். அவன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எடுக்காமல் இருந்ததுதான் இப்போது இவருக்கு உறுத்தியது.

"நீ எடுத்தியா?" என்றார். சுற்றி வளைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை அப்படியே வைத்தான். மனைவிதான் கத்தினாள். "பெத்த புள்ளைகிட்ட கேக்கற கேள்வியா இது? நாக்கு கூசலையா உங்களுக்கு?"

"உன்னையும் கேட்பேன், இரு."

"கேளுங்க! நான் எடுத்துத்தான் பத்து வருஷமா இந்த ஒரே செருப்பைப் போட்டுக்கிட்டு அலையறேன்!"

மகன் கையைக் கழுவிக்கொண்டு வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் குரலை உயர்த்தவில்லை. "அப்பா, மேசைக்கு வாங்க. எப்படிப் போடறீங்கன்னு காட்டுங்க. நான் பாஸ்வேர்டைப் பார்க்கலை, சுவத்தைப் பார்த்து நின்னுக்கறேன். எங்க ஓட்டைன்னு பாக்கணும்."

அவன் சுவரைப் பார்த்து நின்றான். அவர் அடிக்க ஆரம்பித்தார். வேலையில் சேர்ந்த தேதி முடிந்து முதல் கதவின் எண்ணுக்குப் போவதற்குள் விரல் வழுக்கி என்டர் கட்டையில் விழுந்தது. தப்பாகிவிட்டது, முதலிலிருந்து அடிக்க வேண்டும் என்று நினைத்தார்.

தப்பாகவில்லை. திறந்துகொண்டது. வணக்கம் என்று அவர் கணக்கு எண்ணோடு பக்கம் விரிந்தது.

"டேய்" என்றார்.

மகன் திரும்பினான். அவர் கணக்கிலிருந்து வெளியே வந்து மறுபடியும் தேதியை மட்டும் அடித்தார். திறந்தது. மகன் குனிந்து, "தேதிக்கப்புறம் கைக்கு வந்ததை அடிங்க, ஒண்ணு ஒண்ணு ஒண்ணுன்னு அடிங்க" என்றான். அடித்தார். திறந்தது. எட்டு எழுத்துக்கு மேல் எதைப் போட்டாலும் அந்த சைட் தூக்கித் தூரப் போட்டிருக்கிறது. போட்டதைச் சொல்லவும் இல்லை. புள்ளி புள்ளியாக முப்பத்தாறையும் வாங்கிக்கொண்ட மாதிரி பாவலா காட்டியிருக்கிறது. அவர் நாலு கதவை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தியிருக்கிறார், சைட்டைச் செய்தவன் வாசலில் ஒரு திரையைத் தொங்கவிட்டிருக்கிறான்.

அந்தத் தேதி எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டுமா? ஓய்வூதிய அட்டையில் அவர் படத்துக்குக் கீழே அச்சடித்திருக்கிறது. அதன் நகலைக் கேட்ட இடத்துக்கெல்லாம் மகனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். போன் கடை, ஆஸ்பத்திரி, வாடகை ஒப்பந்தம். கணக்கு எண்ணோ, நிறுவனம் மாதாமாதம் அனுப்பும் உறையின் மேலேயே கொட்டை எழுத்தில் இருக்கும். எவன் வேண்டுமானாலும் வந்திருக்கலாம்.

மகன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். மனைவி, "பாத்தீங்களா, பாத்தீங்களா?" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். அவருக்கும் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கின மாதிரிதான் இருந்தது. ஆனால் கல்லுக்கு அடியில் ஒரு புழு இருந்தது. கைக்கு வந்ததை அடிக்கச் சொல்லவேண்டும் என்று இவனுக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் தோன்றியது? அட்டையின் நகலை எடுத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் அலைந்தவனும் இவன்தானே?

அந்தப் புழுவை அவர் நசுக்கினார். அது செத்ததா என்று குனிந்து பார்க்கவில்லை.

மறுநாள் மகனையும் கூட்டிக்கொண்டு கிளைக்குப் போனார். அதிகாரி அம்மாளின் மேசையில் இருந்ததும் அதே பழைய பிரவுசர்தான். அவள் கண்ணெதிரிலேயே தேதியை அடித்துத் திறந்து காட்டினார். பிறகு தேதியோடு குப்பையைச் சேர்த்து அடித்துத் திறந்து காட்டினார். அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரையை அணைத்தாள்.

"இதை வேற யாருக்காவது காட்டினீங்களா?"

"ஏன், உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டாள். தெரியும் என்பது அதிலேயே தெரிந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள். "சார், இதை நான் மேல எழுதினா பதில் வர ஆறு மாசம் ஆகும். வந்தாலும் இல்லைன்னுதான் வரும். உங்களுக்கு மாசக் கடைசிக்குள்ள பணம் வேணும். அதுக்கு ஒரே வழி இன்சூரன்ஸ். வீட்டு ஆளு யாராவது பாஸ்வேர்டைத் தப்பா உபயோகிச்சிருந்தா நூத்துக்கு எண்பது திருப்பிக் கிடைக்கும். பதினோரு நாள்ல."

"வீட்டு ஆளு யாரும் எடுக்கலையே."

"ஃபாரத்துல ஒரு பட்டியல் இருக்கும் சார். மனைவி, மகன், மகள், வேலையாள். அதுல ஒண்ணைத் தேர்ந்தெடுத்தாத்தான் அடுத்த பக்கம் போகும்."

"உங்க சைட்டுல ஓட்டைன்னு ஒரு வரி இல்லையா?"

"இல்ல சார்."

"எவனோ திருடன்னு?"

"இல்ல. பாஸ்வேர்டு சரியா இருந்ததால அந்த வரி வராது."

மகன் சிரித்தேவிட்டான். "நல்லாத்தான் செஞ்சிருக்காங்க. திருடன் வந்தா கதவே தெரியாது, மகன் வந்தா மட்டும் பட்டியல் வரும்."

கதவுக்காரர் சிரிக்கவில்லை. "அந்தப் பட்டியல்ல பேரு போனவனுக்கு என்ன ஆகும்? அதைச் சொல்லும்மா."

அவள் பேனாவைத் திருகினாள். அவர் விடவில்லை. இன்னொரு தடவை கேட்டார். "பொதுப் பட்டியலுக்குப் போகும்" என்றாள். "எல்லா நிதி நிறுவனமும் பாக்கற பட்டியல். இருபது வருஷம் இருக்கும். கடன் கிடைக்காது. சில கம்பெனிகள் வேலைக்கும் அதைப் பாப்பாங்க."

"பார்சல் கம்பெனி?"

"பாப்பாங்க."

மனைவி பெயரைப் போட முடியுமா என்று கேட்டார். அவள்தான் கணக்குக்கு வாரிசு, வாரிசே எடுத்ததாகச் சொன்னால் இன்சூரன்ஸ் செல்லாது. மகள் கிடையாது. வேலையாள் வைக்கிற குடும்பமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று பேரும் அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பதினோரு நாள் கணக்குப் பார்த்தால் அன்றைக்கு அனுப்பினால்தான் உண்டு. கீழே டயர் கடைக்காரர் இரும்புக் கதவைத் தூக்குகிற சத்தம் கேட்டது. ஃபாரம் திறந்திருந்தது. பட்டியலும் விரிந்து நின்றது.

"வேண்டாம்" என்றாள் மனைவி. "வீடு போனாப் போகட்டும். இன்னொரு வாடகை வீட்டுக்குப் போவோம்."

"எந்தக் காசுல?" என்றான் மகன். "இங்க குடுக்கற வாடகைக்கு இப்ப பாத்ரூம்கூடக் கிடைக்காதும்மா. போடட்டும். பார்சல் கம்பெனி இல்லைன்னா மூட்டை தூக்கறேன். மூட்டை தூக்கறதுக்கு எவனும் பட்டியல் பாக்க மாட்டான்."

அவர் மவுஸின் மேல் கையை வைத்தார். மகன் அந்தக் கையைப் பிடித்தான்.

"ஒரு நிமிஷம்பா. எனக்கு ஒண்ணு மட்டும் வேணும். நான் எடுக்கலைன்னு உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. அதுக்கப்புறம் நீங்க எதை வேணா அமுக்குங்க."

எவ்வளவு சின்ன விஷயம். இரண்டு வார்த்தை. அவருக்குத் தெரியும், கண்ணால் பார்த்திருக்கிறார், தன் விரலாலேயே திறந்திருக்கிறார். சொல்ல வாயைத் திறந்தார். அப்போது அந்தப் புழு தலையைத் தூக்கியது. அட்டையின் நகல். ஒண்ணு ஒண்ணு ஒண்ணு. மூன்று லட்சம். ஒரு மூச்சு நேரம் போயிற்று. இன்னொரு மூச்சும் போயிற்று. மகன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், அவர் தாள்களைப் படிக்கிற மாதிரி.

"நீ எடுக்கலடா" என்றார்.

ஆனால் மகன் அதற்குள் மவுஸை வாங்கிக்கொண்டுவிட்டான். மகன் என்ற வரியில் அவனே அமுக்கினான். தன் அடையாள எண்ணைத் தானே அடித்தான். அனுப்பினான். நன்றி என்று திரையில் வந்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு படியில் இறங்கிப் போனான்.

மனைவி அவன் இறங்கிப் போன படியை எட்டிப் பார்த்தாள். பிறகு, "அதைச் சொல்ல உங்களுக்கு அவ்வளவு நேரமா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொன்னேன்ல?"

"ஆமாம், சொன்னீங்க" என்றாள்.

பதினோராம் நாள் பணம் வந்தது, சொன்ன மாதிரியே. இந்த மாதிரி விஷயங்களில் அவர்கள் சுத்தம். பதினாறு லட்சத்துக்குக் குறைந்த தொகைக்கு மனைவி தன் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள், அவர் கையில் கொடுக்கவில்லை. பதினாலாம் நாள் பார்சல் கம்பெனி மகனைக் கூப்பிட்டு வேன் சாவியை வாங்கிக்கொண்டது. அன்று மாலையே ஒரு பையோடு கிளம்பினான். துறைமுகத்தில் வேலை என்றான். அம்மாவிடம் சொல்லிக்கொண்டான். அப்பாவிடம், "வரேன்" என்றான், வாசலைப் பார்த்து. இப்போதும் போன் செய்கிறான். அவர் கடைக்குப் போகிற நேரம் அவனுக்குத் தெரியும்.

பணத்தை எடுத்தவன் யார் என்று கடைசி வரை தெரியவில்லை. அந்த சைட் இன்றைக்கும் அதே பிரவுசரில்தான் திறக்கிறது.

பத்திரப் பதிவுக்கு மனைவி வரவில்லை, தலைவலி என்றாள். வீட்டுக்காரரும் இவரும் கையெழுத்துப் போட்ட பிறகு, "உங்க தரப்புல சாட்சிக்கு ஆள் எங்கே? பையன் வரலையா?" என்று அங்கிருந்த குமாஸ்தா கேட்டான். அவர் வெளியே வந்து பார்த்தார். டயர் கடைக்காரர் வேறு ஏதோ வேலையாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குடோன் கைவிட்டுப் போன வருத்தம் அவருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனாலும் கூப்பிட்டதும் எழுந்து வந்தார்.

கதவுக்காரர் பத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினார். "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"இதுல என்னத்தைப் படிக்கறது பெரியவரே? நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.